பாதத்துக்கேற்ற பாதணி: ஓடுவோர் சப்பாத்தைப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழநாட்டின் கிழக்குக் கரையிலே, கல்முனைக்குத் தெற்கே, நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் அமைந்துள்ளது ஒலுவில். அவ்வூர்க் கரையில் வைகறையிலே நடந்து செல்வோர் ஈரமணலிற் பலருடைய அடிச்சுவடுகளைக் காண்பர். கரைவலை இழுத்தோரின் சுவடுகளிலே குதி ஆழப் பதிந்திருக்கும். ஓடிப் பழகும் இளைஞரின் சுவடுகளிலே விரலடி ஆழப் பதிந்திருக்கும். இன்னும் கூர்ந்து நோக்கின் வேறொரு வேற்றுமையும் புலப்படும். சிலர் சுவட்டிலே உள்ளங்கால் முழுவதும் மணலிற் படிந்திருக்கும். வேறு சிலர் சுவடு நடுவிலே ஒடுங்கியிருக்கும். மற்றுஞ் சிலர் சுவட்டிலோ முன்பாதமும் குதியும் மட்டுமே தெரிய, இடைப்பகுதி பதியாதிருக்கும். பள்ளிவாசலில் வுழூச் செய்து எழுவோரும், கோயில் வாசலிற் கால் கழுவி உட்செல்வோரும் சீமெந்துத் தரையிலே விட்டுச் செல்லும் ஈரச் சுவடுகளிலும் இவ்வேற்றுமை உண்டு.

முதலாவது வகையைத் தட்டைப்பாதம் என்றும், இரண்டாவதை இயல்பான பாதம் என்றும், மூன்றாவதை உயர்வளைவுப் பாதம் என்றும் வழங்குவர். ஓடுவோர் எத்தகைய சப்பாத்தை அணிதல் வேண்டும் என்பதை இச்சுவடே தீர்மானிக்கும் என்ற கொள்கை ஏறத்தாழ அரை நூற்றாண்டாகக் கடைகளிலும் விளையாட்டு நூல்களிலும் வழங்கி வந்துள்ளது. இக்கொள்கை எங்கிருந்து பிறந்தது? சோதனைக்கு அது நின்றுபிடித்ததா? இவ்வினாக்கள் வணிகர்க்கு மட்டும் உரியவை அல்ல. தன் பாதம் தட்டை என்று கேட்ட மாணவன் தான் ஓட்டத்துக்குப் பிறந்தவன் அல்லன் என்று எண்ணி மைதானத்தை விட்டு நீங்குதல் கூடும். குறைந்த வருவாயுடைய பெற்றோர் மகனின் பாதக் குறையைத் தீர்க்கும் என்று நம்பி, தம் சத்திக்கு மேற்பட்ட விலைகொடுத்துச் சப்பாத்து வாங்குதலுங் கூடும். ஆகவே இக்கொள்கையின் வரலாற்றை ஆராய்தல் பயனுடையதாகும்.

பெயர்கள் காட்டும் வரலாறு

பாதணிக்குத் தமிழில் வழங்கிய பெயர்களே அதன் வரலாற்றை ஒருவாறு காட்டுகின்றன. சங்க நூல்களில் தொடுதோல் என்ற சொல் வருகின்றது. காலில் தொடப்படும் தோல் என்பது அதன் பொருள். முள்ளும் பரலும் நிறைந்த வழியில் நடப்போர்க்கு அது காவலாய் இருந்தது. செருப்பு என்னுஞ் சொல்லும் பழமையானதே. புறநானூற்றிலே வீரன் ஒருவன், செருப்பினுள் அகப்பட்ட சிறு பரல் போலப் பகைவரை வருத்துபவனாகக் காட்டப்படுகின்றான். பாதணி காலுக்கு இசையாதபோது உண்டாகும் துன்பத்தைத் தமிழர் அக்காலத்திலேயே நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். மிதியடி, பாதக்குறடு என்பன மரத்தாற் செய்தவற்றைக் குறித்தன. பாதுகை என்ற வடசொல்லோ இராமகாதையின் வாயிலாக ஆட்சியின் அடையாளமாகவும் வணக்கத்துக்கு உரியதாகவும் மாறிற்று.

இலங்கைத் தமிழர் மூடிய பாதணியைச் சப்பாத்து என்பர். இது போர்த்துக்கேயரின் சபாத்து என்னுஞ் சொல்லின் திரிபு. சிங்களத்திலும் இச்சொல்லே சிறிது மாறி வழங்குகின்றது. 1505ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், பொருளையும் பெயரையும் ஒருங்கே விட்டுச் சென்றனர். இச்சொல் வந்த வழியே அதன் சமூக நிலையையும் உணர்த்தும். செருப்பு வழிநடைக்கு உரியதாய் இருந்தது. சப்பாத்தோ உத்தியோகத்துக்கும் மேனிலைக்கும் உரியதாயிற்று. வயலிலும் கடலிலும் தொழில் செய்தோர் வெறுங்காலோடு இருந்தனர். கோயிலுக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் அனைவரும் வெறுங்காலோடு புகுந்தனர். இவ்வாறு, பாதணி அணியாத கால் இந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டு வரையும் பெரும்பான்மையோரின் காலாகவே இருந்தது. இவ்வுண்மை பிற்காலத்து ஆராய்ச்சியிற் பெரும்பயன் விளைத்தமை கீழே காட்டப்படும்.

அச்சுக் கட்டையும் படைவீரனும்

ஐரோப்பாவிலே பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் வரையும் சப்பாத்துக்கள் பெரும்பாலும் இடம் வலம் என்ற வேறுபாடின்றிச் செய்யப்பட்டன. ஒரே மரக்கட்டை அச்சின்மீது இரண்டு சப்பாத்துக்களும் உருவாயின. கால் சப்பாத்துக்கு இணங்கியதேயன்றிச் சப்பாத்து காலுக்கு இணங்கவில்லை. ஒல்லாந்த உடற்கூற்று அறிஞர் பேத்ரூஸ் காம்பர் 1781இல் நல்ல சப்பாத்தின் வடிவம் பற்றித் தனிநூல் ஒன்று வெளியிட்டு இவ்வழக்கத்தைக் கண்டித்தார். 1858இல் ஹேர்மன் வொன் மையர் என்னும் உடற்கூற்றுப் பேராசிரியர், பெருவிரல் நேரே நீளுதற்கு இடமளிக்கும் வகையிற் சப்பாத்தின் அச்சு அமைதல் வேண்டும் என்று வரைபடங்களால் விளக்கினார். காலின் வடிவே சப்பாத்தின் வடிவுக்கு ஆதாரம் என்ற கருத்து இவ்வாறு வேரூன்றிற்று.

இதே நூற்றாண்டிற் சப்பாத்தின் அடிப்பகுதியும் மாறிற்று. 1839இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர், றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். 1876இல் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த வித்துக்கள் இலண்டனிலுள்ள கியூப் பூங்காவில் முளைவிக்கப்பட்டன. அந்நாற்றுக்களில் மிகப் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டது. ஆசியாவின் றப்பர்த் தொழிலுக்கு அத்தோட்டம் ஒரு பிறப்பிடமாயிற்று. றப்பர் அடியும் துணிமேலும் உடைய மலிவான சப்பாத்து உலகெங்கும் பரவியது. பாடசாலை மாணவர் அணியும் வெள்ளைச் சப்பாத்து அதன் வழித்தோன்றலே.

பாதங்களை வகைப்படுத்தும் முயற்சிக்கு வலுவூட்டியவர்கள் ஓட்டக்காரர் அல்லர், படையினரே. நெடுந்தூரம் நடக்கவேண்டிய காலாட்படைக்குப் பாதநோய் பகைவனுக்கு நிகரான இடையூறாய் இருந்தது. அமெரிக்கப் படைமருத்துவர் எட்வேட் மன்சன், ஏறத்தாழ 2000 வீரரின் பாதங்களை ஆராய்ந்து 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வகுத்த அச்சு அமெரிக்கப் படையின் சப்பாத்துக்கு அடிப்படையாயிற்று. மறுபுறம், படைக்கு ஆள் சேர்ப்போர் தட்டைப்பாதத்தை ஓர் அங்கக் குறையாகக் கருதி இளைஞர் பலரைத் தள்ளினர். பாதத்தின் வளைவு தாழ்ந்திருப்பின் அது வலிமையற்றது என்ற நம்பிக்கை அங்கிருந்தே பொதுமக்களிடையிலும் பரவிற்று.

அந்நம்பிக்கையை முதலில் வன்மையாக அசைத்ததும் படை ஆராய்ச்சியே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடா நாட்டு மருத்துவர்களான ஹரிஸ், பீத் என்போர் 3600 வீரரின் பாதங்களை ஆராய்ந்து 1947இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். தட்டைப்பாதங்களில் மிகப் பல, எளிதில் வளைந்து கொடுக்கும் உறுதியான பாதங்களே என்றும், அவை நோயின் அடையாளம் ஆகா என்றும் அவர்கள் காட்டினர். விறைத்து நோவுதரும் தட்டைப்பாதம் வேறு. தளர்வாயும் வலியற்றும் உள்ள தட்டைப்பாதம் வேறு. முன்னது மருத்துவரை நாடவேண்டியது. பின்னது மனித வடிவின் இயல்பான வேற்றுமைகளுள் ஒன்று.

வெறுங்காலோர் தந்த சான்று

சப்பாத்து அணியாதவரின் பாதம் எத்தகையது என்பதை அறிய மேனாட்டார் வேறு நாட்டு மக்களை நாடவேண்டியதாயிற்று. 1905இல் அமெரிக்க மருத்துவர் பில் ஹொவ்மன், வெறுங்காலோடு வாழ்ந்த மக்களின் 186 சோடிப் பாதங்களை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார். அவர்களிடையேயும் தாழ்ந்த வளைவும் உயர்ந்த வளைவும் கலந்தே காணப்பட்டன. வளைவின் உயரத்துக்கும் பாதத்தின் வலிமைக்கும் தொடர்பில்லை என்பதே அவர் கண்ட முடிவு. 1949இல் சாமுவேல் சுல்மன் என்பவர் சீனாவிலும் இந்தியாவிலும் சப்பாத்தே அணிந்திராதோரின் பாதங்களைப் பற்றி எழுதினார். கடினமான தெருக்களில் நாள்முழுதும் வெறுங்காலோடு ஓடிய ரிக்சா இழுப்போரும் அவர் ஆராய்ந்தோருள் அடங்குவர்.

தென்னிந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகள் இதனினும் தெளிவானவை. உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் யோசப் என்னும் மருத்துவர் இருவர், 4 முதல் 13 வரை வயதுடைய 2300 சிறுவரின் பாதச் சுவடுகளைப் பதிந்து ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். பாதணி அணிந்து வளர்ந்தோரில் 100க்கு 8.6 பேர் தட்டைப்பாதம் உடையோராயும், அணியாது வளர்ந்தோரில் 100க்கு 2.8 பேரே அவ்வாறாயும் இருந்தனர். விரல்பகுதி மூடிய சப்பாத்து அணிந்தோரிடையே தட்டைப்பாதம் மிகுந்தும், திறந்த செருப்பு அணிந்தோரிடையே குறைந்தும் காணப்பட்டது. 1995இல் சச்சிதானந்தமும் யோசப்பும் வளர்ச்சி முற்றிய 1846 பேரை ஆராய்ந்தனர். இளவயதிலேயே சப்பாத்து அணியத் தொடங்கியவரிடையே தட்டைப்பாதம் மிகுதி என்பது அங்கும் புலனாயிற்று. தட்டைப்பாதம் உடையார்க்குச் சப்பாத்து மருந்து என்று மேனாட்டார் எண்ணியிருக்க, அதற்கு ஒரு காரணமே சப்பாத்தாய் இருத்தல் கூடும் என்று இவ்வாராய்ச்சிகள் உணர்த்தின.

இதனாற் பாதணி தீயதென்று கொள்ளுதல் தவறாகும். கொக்கிப்புழுவின் குடம்பி ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகும். 1916இல் றொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டப் பகுதிகளில் அந்நோயை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கிய காலத்தில், தோட்டத் தொழிலாளரிடையே அது மிகப் பரவியிருந்தது. காலில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளர்க்கு வெறுங்கால் நடை இன்றும் ஆபத்தானதே. காவல் என்ற அளவில் பாதணி இன்றியமையாதது. பாதத்தின் வடிவைத் திருத்தும் கருவி என்ற அளவிலேதான் அதன்மீது ஐயம் எழுகின்றது.

ஓட்டச் சப்பாத்தின் தோற்றம்

இங்கிலாந்தின் போல்டன் நகரிலே யோசப் வில்லியம் பொஸ்டர் என்பவர் 1890களில் ஆணிபதித்த ஓட்டச் சப்பாத்துக்களைச் செய்தார். ஜேர்மனியிலே ஹேர்சோகனவுராக் என்னுஞ் சிற்றூரில் தஸ்லர் உடன்பிறந்தார் செய்த சப்பாத்தை அணிந்து 1936இல் பேர்லின் நகரில் ஜெசி ஓவென்ஸ் ஓடினார். பின்னர் அவ்விருவரும் பிரிந்தமையால் பூமா, அடிடாஸ் என்னும் இரு நிறுவனங்கள் தோன்றின. யப்பானிலே கிஹாச்சிரோ ஒனிற்சுகா 1949இல் கோபே நகரில் தம் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் வெறுங்கால் ஆட்டமும் உலக அரங்கில் மறையவில்லை. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் காற்பந்தாட்டக் குழுவினருட் பெரும்பாலோர் சப்பாத்தின்றியே ஆடி, பிரான்சு நாட்டிடம் 2க்கு 1 என்ற கணக்கிலே தோற்றனர். 1960இல் உரோம் நகரில் எதியோப்பியரான அபேபே பிக்கிலா வெறுங்காலோடு மரதன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16.2 செக்கனில் முதல்வரானார். 1964இல் தோக்கியோவிலே சப்பாத்து அணிந்து ஓடிய அவரே 2 மணி 12 நிமிடம் 11.2 செக்கனில் மீண்டும் வென்றார். முதல் வெற்றியைக் கொண்டு வெறுங்காலே சிறந்தது என்பாரும், இரண்டாவதைக் கொண்டு சப்பாத்தே சிறந்தது என்பாரும் உளர். இரண்டு முறையும் ஓடியவர் ஒருவரே என்பதையும், அவர் கால்கள் பல்லாண்டுப் பயிற்சியால் உரமேறியவை என்பதையும் இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

1970களிலே அமெரிக்காவில் உடல்நலத்தின் பொருட்டு ஓடும் வழக்கம் பெருகிற்று. புதிதாக ஓடத் தொடங்கியோர் பலர் முழங்காலிலும் கணைக்காலிலும் நோவுற்றனர். அதற்குக் காரணம் தேடியோர் பாதத்தின் உட்சாய்வைச் சுட்டினர். ஓடுபவரின் பாதம் நிலத்தைத் தொட்டபின் சிறிது உட்புறமாகச் சாயும். அதிர்ச்சியைத் தாங்குதற்கு இயற்கை வகுத்த அசைவு அது. தட்டைப்பாதம் அளவுக்கு மிஞ்சி உட்சாயும் என்றும், உயர்வளைவுப் பாதம் போதிய அளவு சாயாது என்றும் கருதப்பட்டது. எனவே முன்னதற்கு அசைவைக் கட்டுப்படுத்தும் விறைப்பான சப்பாத்தும், பின்னதற்கு மெத்தென்ற சப்பாத்தும், இடைப்பட்டதற்கு மிதமான தாங்குதலுடைய சப்பாத்தும் விதிக்கப்பட்டன. ஈரச் சுவடு மூன்று, சப்பாத்தும் மூன்று. எளிதில் விளங்குவதாயும், கடையிலேயே செய்து காட்டத்தக்கதாயும் இருந்தமையால் இக்கொள்கை விரைவிற் பரவிற்று. ஆயின், அது காயத்தைத் தடுக்கின்றதா என்பதை எவரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

கொள்கையும் சோதனையும்

படையினர் தொடங்கிவைத்த வகைப்பாட்டைப் படையினரே சோதித்தமை வரலாற்றின் ஒரு பொருத்தமாகும். 1993இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 246 அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியாளரின் பாதங்கள் அளக்கப்பட்டன. மிகத் தட்டையான பாதமுடையோரே மிகக் குறைவாகக் காயமுற்றனர். முன்னொரு காலத்தில் ஆள்சேர்ப்போர் தள்ளிய பாதம் பயிற்சியிலே தளராத பாதமாக விளங்கிற்று.

அடுத்து, யோசப் நாபிக் என்பாரும் அவர் குழுவினரும் அமெரிக்கத் தரைப்படையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புதிய வீரரை இரு கூறாக்கினர். ஒரு கூற்றினர்க்கு அவரவர் பாத வடிவுக்கு ஏற்பச் சப்பாத்து அளிக்கப்பட்டது. மறு கூற்றினர்க்குப் பாத வடிவைக் கருதாமல் ஒரே வகைச் சப்பாத்து அளிக்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவின்படி இரு கூற்றினரும் ஏறத்தாழ ஒரே அளவிலே காயமுற்றனர். 2010இல் வான்படையினரிடையேயும் கடற்படைத் துருப்பினரிடையேயும் இச்சோதனை திரும்பவும் நடத்தப்பட்டது. அங்கும் முடிவு வேறுபடவில்லை.

டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேர்க்கு, பாதம் எத்தகையதாயினும் ஒரே வகையான சாதாரண ஓட்டச் சப்பாத்து வழங்கப்பட்டு, ஓராண்டு அவர்கள் கவனிக்கப்பட்டனர். 2014இல் வெளியான அம்முடிவிலே, உட்சாயும் பாதமுடையோர் மற்றவரினும் மிகுதியாகக் காயமுற்றனர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, 2016இல் லக்சம்பேர்க்கில் 372 ஓட்டக்காரரிடையே நடந்த சோதனையில், உட்சாய்வு மிக்க பாதமுடையோர் சிலர்க்குக் கட்டுப்படுத்தும் சப்பாத்துப் பயன்தந்தது என்றே காணப்பட்டது. ஆகவே அத்தகைய சப்பாத்து எவர்க்கும் உதவாது என்று அறுதியிட்டுரைத்தல் பொருந்தாது. ஈரச் சுவட்டை மட்டும் பார்த்து ஒருவர்க்குச் சப்பாத்து விதித்தற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே நேர்மையான முடிவு.

அங்ஙனமாயின் எதனைக் கொண்டு தெரிவது? கனடா நாட்டின் கல்கரிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பென்னோ நிக், 2015இல் ஒரு விடை கூறினார். ஒவ்வொருவர் உடலும் தனக்கு இயல்பான ஓர் அசைவு வழியை உடையது. அவ்வழியைத் தடுக்காத சப்பாத்தே காலுக்கு இதமாய்த் தோன்றும் என்பது அவர் கருத்து. அவர் சார்ந்த குழுவினர் முன்னர் 206 படையினரிடையே நடத்திய ஆராய்ச்சியில், தமக்கு இதமான உள்ளடியைத் தாமே தெரிந்து அணிந்தோர், ஒன்றும் அணியாதோரினும் குறைவாகவே காயமுற்றனர். செருப்பினுட் பரலின் துன்பத்தைப் பாடிய பழம்புலவரும் காலின் உணர்ச்சியையே நடுவராகக் கொண்டார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

நீளமும் அகலமும்

பாதவளைவைப் பற்றிய விவாதத்திலே மூழ்கியோர் நீளம், அகலம் என்னும் எளிய அளவுகளைப் பெரிதும் புறக்கணித்தனர். சப்பாத்தின் ஆங்கில அளவெண், ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாகிய மூன்றிலொரு அங்குலத்தை அலகாகக் கொண்டது. ஐரோப்பிய எண்ணோ சென்ரிமீற்றரின் மூன்றில் இரு பங்கை அலகாகக் கொண்டது. இரண்டும் நீளத்தையே சொல்வன. அகலத்தைச் சொல்வன அல்ல. அவ்வெண்களுக்கு அடிப்படையான அச்சுக்களும் மேனாட்டார் பாதத்தைக் கருதி வகுக்கப்பட்டவை. வெறுங்காலோடு வளர்ந்தோரின் முன்பாதம் பொதுவாக அகன்றது, விரல்கள் பரந்தவை. அத்தகைய பாதம் ஒடுங்கிய சப்பாத்தினுட் புகும்போது, அகலம் போதாமையால் மேலும் நீளமான சப்பாத்தை நாடும். அப்போது குதி தளர்ந்து, விரல் முன்னே வழுகி, நகம் கறுக்கும்.

1948இல் நிறுவப்பட்டுச் சென்னையில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இக்குறையைத் தீர்க்க முற்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களிலே தமிழ் முஸ்லிம் வணிகர் வளர்த்த தோற்றொழில் பல தலைமுறையாகத் தழைத்துள்ள மாநிலத்தின் தலைநகரில் அந்நிலையம் அமைந்தமை பொருத்தமே. அந்நிலையத்தார் 2021 இறுதிக்கும் 2022 தொடக்கத்துக்கும் இடையில் இந்தியாவெங்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தனர். மேனாட்டு அச்சுக்களினும் இந்தியர் பாதம் அகன்றது என்பது உறுதியாயிற்று. அதன்மீது, பாரதம் என்ற பெயரின் முதலெழுத்தால் அமைந்த புதிய அளவு முறையொன்று முன்மொழியப்பட்டது. சப்பாத்துக் காலுக்கு இணங்கவேண்டும் என்று காம்பர் கூறி ஏறத்தாழ 240 ஆண்டுகள் சென்றபின், அக்கூற்று இப்பகுதி மக்களின் காலையும் கருதலாயிற்று.

அளவுக்கு அடங்காத பாதமும் வெற்றி பெறுதல் கூடும் என்பதற்கு, வங்காளத்துச் சல்பாய்குரியைச் சேர்ந்த சுவப்னா பர்மன் சான்றாவார். இரு பாதங்களிலும் அவ்விரண்டு பெருவிரல் வரிசைக்கு மேலாக ஒவ்வொரு விரல் மிகுந்து, ஆறு விரல்களோடு பிறந்த அவர், சாதாரணச் சப்பாத்தின் ஒடுக்கத்தால் நோவுற்றவாறே பயின்று, 2018இல் யகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே ஏழு துறைப் போட்டியில் தங்கம் வென்றார். அவ்வெற்றியின் பின்னரே அவர் பாதத்துக்கென்று தனிச் சப்பாத்துச் செய்யப்பட்டது. வென்றபின் கிடைத்த அச்சப்பாத்து, வெல்லுமுன் விலகிப்போன பலரையும் நினைப்பூட்டுகின்றது.

நிலமும் காலும்

பாதத்தையும் பாதணியையும் பற்றிப் பேசுவோர் மூன்றாவதாகிய நிலத்தை மறத்தலாகாது. ஒலுவில் மணலில் ஓடுபவன் ஒவ்வோரடியிலும் நிலம் நெகிழ்ந்து தன் வலிமையை உண்பதை உணர்வான். பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழக அறிஞர் 1998இல் அளந்தபடி, மணலில் ஓடுதற்குக் கடினமான தரையில் ஓடுதற்கு வேண்டிய சத்தியைப் போல 1.6 மடங்கு வேண்டும். மணல் அதிர்ச்சியைத் தணிக்கும். எனினும் கெண்டைக்காலையும் குதிநரம்பையும் மிக உழைக்கச் செய்யும். மணலிற் பழகியவன் உடனே தார்வீதியில் வெறுங்காலோடு நெடுந்தூரம் ஓடுவதும், மெத்தென்ற சப்பாத்திற் பழகியவன் உடனே அதனைக் கழற்றி ஓடுவதும் ஒப்பத் தவறானவை. விரல் பிரிந்த மெல்லிய சப்பாத்துக்குப் பத்து வாரத்தில் மாறிய ஓட்டக்காரர் சிலர்க்குப் பாத எலும்பினுள் ஊறு கண்டதை 2013இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. காலுக்கு மாற்றம் தீங்கன்று. விரைந்த மாற்றமே தீங்கு.

ஒலுவிலின் நிலமும் நிலைத்து நிற்கவில்லை. 2008இல் டென்மார்க்கின் கடனுதவியோடு தொடங்கிய துறைமுக வேலை நிறைவெய்த, 2013இல் அத்துறைமுகம் திறந்துவைக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைதடுப்பு அணைகள் மறித்தன. அணையின் தென்புறத்தே மணல் குவிந்தது; வடபுறத்தே கரை அரிக்கப்பட்டது; துறைமுக வாயிலும் மணலால் தூர்ந்தது. அரிப்பைத் தடுக்கக் கற்கள் அடுக்கப்பட்ட இடங்களில், தலைமுறை தலைமுறையாக வலையிழுத்த வெறுங்கால்கள் மணலுக்குப் பதிலாகக் கல்லை மிதிக்கலாயின. மணலுக்கு வேண்டாத பாதணி கல்லுக்கு வேண்டும். எந்தப் பாதணி சிறந்தது என்ற வினாவுக்கு நிலத்தை நோக்காது விடை கூறுதல் இயலாது என்பதற்கு இக்கரையே போதிய சான்று.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன சில. ஓடுவோர் சப்பாத்து வாங்கும்போது, நாள் முழுதும் நடந்து பாதம் சிறிது பருத்திருக்கும் மாலைப்பொழுதிற் செல்லுதல் நன்று. இரு பாதங்களையும் நின்ற நிலையில் அளந்து, பெரியதற்கு இசையத் தெரிதல் வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கைப்பெருவிரல் அகலம் இடமிருத்தல் வேண்டும். விரல்கள் பரந்து அசைதற்கு முன்பாதம் அகன்றும், குதி வழுகாதபடி பின்பகுதி பொருந்தியும் அமைதல் வேண்டும். அணிந்து சில அடி ஓடிப் பார்த்து, எது இதமாய் உள்ளதோ அதனையே கொள்ளுதல் வேண்டும். முதல் நாளிற் கடிக்கும் சப்பாத்துப் போகப்போகச் சரியாகும் என்னும் சமாதானத்தை ஏற்றலாகாது. விலையின் உயர்வு பொருத்தத்தின் உயர்வு ஆகாது. தட்டைப்பாதமாயினும் உயர்வளைவாயினும் நோவில்லையேல் அது நோயன்று. நோவும் விறைப்பும் நீடிப்பின் கடைக்காரரை அன்றி மருத்துவரையே நாடுதல் வேண்டும்.

இவ்விதிகள் பாடசாலைகளுக்கும் உரியன. இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே சுண்ணாம்புக் கோட்டுக்கிடையில் வெறுங்காலோடு ஓடும் சிறுவரும் சிறுமியரும் கிழக்கிலங்கையில் இன்றும் உளர். அண்மை ஆண்டுகளில் வசதி குறைந்த மாணவர் சப்பாத்து வாங்குதற்கு அரசு பற்றுச்சீட்டு வழங்கி வந்தமை நற்செயலே. அச்சீட்டைக் கொண்டு வாங்கும் சப்பாத்து அப்பிள்ளையின் பாதத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் பொருந்துகின்றதா என்று பார்க்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பின் அந்நற்செயல் முழுமை பெறும். வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டுக்கும் உதவட்டும் என்று மிகப் பெரிதாகவும், சென்ற ஆண்டினது இன்னும் கிழியவில்லை என்று மிகச் சிறிதாகவும் அணிவித்தல் இரண்டும் காலுக்கு ஊறு செய்யும்.

மனிதரைப் பாதச் சுவட்டால் வகைப்படுத்தத் தொடங்கியோர் தகுதியுடையோரையும் தகுதியற்றோரையும் பிரிக்க முயன்றனர். ஒரு நூற்றாண்டு ஆராய்ச்சி அம்முயற்சியைப் படிப்படியாகத் தளர்த்திவிட்டது. ஈரமணலிற் காணும் மூவகைச் சுவடும் ஓடத்தக்க கால்களின் சுவடுகளே. ஓட விரும்பும் மாணவனை அவன் பாதவளைவைக் காட்டித் தடுத்தற்கு, வரலாற்றிலும் இடமில்லை, விஞ்ஞானத்திலும் இடமில்லை.